பொங்காத ஆயிரம் லிட்டர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுக்கவில்லை. நேற்று மாலை லொரெடானாவிடம் கேட்டேன். "எழுதிக்கோ, எனக்கென்ன. என் பேரையே போடு. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதின, கையை முறிச்சுடுவேன்" என்றாள். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் லொரெடானா அழமாட்டாள்.

(அழுதாள்.)

இன்று புதன்கிழமை, காலை ஏழரை மணி. பதினோரு மணிக்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். எதிர்வீட்டு ஷெட்டில் ஒரு பெரிய ஸ்டீல் தொட்டி நிற்கிறது. அதில் ஆயிரம் லிட்டர் வைன் ஆக வேண்டிய திராட்சை இருக்கிறது. நான்கு நாளாக அது பொங்க மாட்டேன் என்கிறது. பதினோரு மணிக்கு அதற்கு மருந்து ஊற்றப்போகிறார்கள். ஒரே முறைதான் ஊற்றலாம். என் மேசை ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் அந்த ஷெட் வாசல். எனக்குக் கை பரபரக்கிறது. அவசரத்தில் எழுதுவதால் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும், மன்னிக்க வேண்டும்.

2

எப்படித் தொடங்குவது?

"ஏப்ரல் மாத வெயிலில் கன்றிப்போன கொடிகளுக்கு மேலே ஒரு கழுகு வட்டமிட்டுக்கொண்டு"

வேண்டாம். நான் கழுகு எதையும் பார்க்கவில்லை. அடிலெய்டில் இருபது வருஷமாக இருக்கிறேன், என் தலைக்கு மேல் வட்டமிட்டதெல்லாம் கொத்தவரும் மேக்பை குருவிதான்.

"வைன் என்பது என்ன? மனிதன் முதன்முதலில் திராட்சையை மிதித்தபோது"

ஐயோ, இது பள்ளிக்கூடக் கட்டுரை.

"சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லாரி வந்து நின்றபோது லொரெடானா ஏற்கெனவே மூன்று காப்பி குடித்திருந்தாள்."

ஆ! இது இருக்கட்டும். இது நடந்தது. இதிலிருந்தே போகிறேன்.

லாரியில் ஒன்றரை டன் ஷிராஸ் திராட்சை. லொரெடானா சக்கரத்தின் மேல் காலை வைத்து ஏறி, பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு பழத்தை வாயில் போட்டு விதையைக் கடித்தாள். விதை மொறுக்கென்று உடைந்தால் பழம் பழுத்துவிட்டது என்று அர்த்தம். உடைந்தது. அறுபத்தொரு வயதுப் பெண்மணி லாரியின் மேல் நின்று தெருவே கேட்கக் கூவினாள்.

"எர்மீனியோ! வந்து கடிச்சுப் பாருடா! தேன்டா, தேன்!"

எர்மீனியோ அவளுடைய தம்பி, தரைக்கு ஓடு பதிக்கிறவன். பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "ஏன்க்கா, இது நம்ம குடும்பத்துக்கா, இல்ல ஊருக்கே குழாய் போட்டு விடப் போறியா?"

"வாயை மூடிட்டுத் தூக்குடா."

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் லொரெடானா. போன வருஷம் ஓய்வு பெற்றாள். அதுவரை அவளுடைய வைன் எல்லாம் நூறு லிட்டர்தான், கராஜ் மூலையில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஓய்வு பெற்ற மறுவாரமே கார் வெளியே போனது, ஸ்டீல் தொட்டி உள்ளே வந்தது, கராஜ் ஷெட் ஆனது. பொழுதுபோக்கு என்கிறார்கள். மனுஷி ஆறு மாதமாகத் தூக்கத்திலும் திராட்சை பேசினாள் என்று அவள் புருஷன் என்னிடம் புலம்பிவிட்டு, அறுவடை வாரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தப்பித்தார், கதைக்குள் வரமாட்டார்.

மூன்றாவது கூட்டாளி ஃபியொரென்ஸோ. எழுபது வயது. கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளி விளைவித்தவர். லொரெடானாவின் மகளுக்கு ஞானத்தந்தை, அந்த உறவால், இவர்களுடைய இத்தாலிய வழக்கில், அவளுக்கு அவர் 'கும்பாரே'. நசுக்கும் இயந்திரத்தின் வாயில் அவர் பெட்டியைக் கவிழ்க்க, மோட்டார் கடகடவென்று அதிர, காம்பு ஒரு பக்கமும் கூழ் ஒரு பக்கமுமாகக் கொட்டியது. தேனீக்கள் வந்துவிட்டன. செருப்பு தரையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் 'பச்சக்' என்றது. முழங்கை வரை ஊதா. எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள், ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

(எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்து பெட்டிகளைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் கதைக்குத் தேவைதானா? தெரியவில்லை. இப்போதைக்கு எடுத்துவிடுகிறேன்.)

3

இங்கே ஒரு விஷயம் விளக்க வேண்டும். விளக்கம் வந்தால் கதை படுத்துக்கொள்ளும் என்பார்கள், ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு சண்டை இருக்கிறது, எழுந்து உட்காருங்கள்.

கந்தகத் தூள் என்று ஒன்று உண்டு. உப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும், முகர்ந்தால் தும்மல் வரும். பீப்பாய் கழுவ எல்லா ஷெட்டிலும் ஒரு டப்பா வைத்திருப்பார்கள். நசுக்கிய திராட்சையில் கொஞ்சமாகப் போட்டால் கெட்ட கிருமி சாகும், நல்லது பிழைத்துப் பொங்கும். இந்தத் தொட்டிக்கு ஒரு சின்னக் காப்பிக் கோப்பை அளவு போதும். அதிகமானால் நல்லதும் சேர்ந்து செத்துப்போகும்.

ஆனால் இவர்கள் யாரும் போடுவதில்லை. அப்படித்தான் சொல்வார்கள். "கடையில விக்கிற வைன்லதான் மருந்து. நம்மளுது வெறும் திராட்சை." ஒருவர் வீட்டு மேசையில் இன்னொருவர் உட்கார்ந்தால் ரொட்டி வருவதற்கு முன் இந்தப் பேச்சு வந்துவிடும். லொரெடானா ஒரு பலகையில் 'திராட்சை மட்டும்' என்று பெயின்ட்டில் எழுதி ஷெட் கதவில் மாட்டியே வைத்திருக்கிறாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஈஸ்டர் விருந்துக்கு ஃபியொரென்ஸோ தன் பாட்டிலைக் கொண்டுவந்தார். லொரெடானா முகர்ந்தாள், தும்மினாள். "கும்பாரே, இதுல மருந்து இருக்கு" என்று சொல்லி, இருபத்தைந்து பேர் பார்க்க, மொத்தப் பாட்டிலையும் வாசலில் இருந்த ரோஸ்மேரிச் செடிக்கு ஊற்றிவிட்டாள். அவர் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதுதான் திரும்பி வந்தார். இந்த வருஷம்தான் கூட்டுச் சேர்ந்தார்கள்.*

* இதைப் படிக்கும்போது லொரெடானா கெட்டவள் என்று உங்களுக்குத் தோன்றினால் என் எழுத்தில்தான் கோளாறு. அவள் என் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்த வாரம் தினமும் சூப் வைத்து வேலிமேல் நீட்டியவள். தும்மல் வந்தது, வாய் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது சனிக்கிழமைக்குத் திரும்புவோம். மதியம் மூன்று மணி. ஆண்கள் பின்கட்டில் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்க, ஷெட்டில் லொரெடானா தனியாக நிற்கிறாள். தொட்டி நிறைந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு சமாச்சாரம்: போன வருஷத்து நூறு லிட்டரும் புளித்துக் காடியாகிவிட்டது. கிளப்புக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவள் அதை ஒரு செவ்வாய்க்கிழமை சாக்கடையில் ஊற்றினாள். நூறு போனால் ஊற்றலாம். ஆயிரத்தை எங்கே போய் ஊற்றுவது? இந்த இரண்டு பேரையும் இழுத்துவிட்டவள் அவள். வேண்டாம் வேண்டாம் என்றவர்களைக் கெஞ்சிக் கூட்டிவந்தவள்.

டப்பாவைத் திறந்தாள். காப்பிக் கோப்பையில் ஒரு கோப்பை. தொட்டியைச் சுற்றித் தூவி, அமுக்குக் கட்டையால் கிளறினாள். கந்தக வாடை குப்பென்று வந்தது. 'இவ்வளவு வாடையா?' என்று நினைத்தாள். பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

4

ஞாயிறு: ஒன்றுமில்லை. ஞாயிறு ஒன்றும் இல்லாமல் இருப்பது சகஜம்.

திங்கள்: ஒன்றுமில்லை.

செவ்வாய்: தொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். பொங்குகிற திராட்சை சோடா மாதிரிச் சத்தம் போடும், தோலெல்லாம் மேலே எழும்பித் தொப்பி மாதிரி நிற்கும். இது கிணறு மாதிரிக் கிடந்தது. மேல்தோல் காய ஆரம்பித்துவிட்டது. காடி ஈக்கள் வட்டம் போட்டன.

"குளிரா இருக்குக்கா, அதான்" என்றான் எர்மீனியோ. போர்வை சுற்றினார்கள்.

"நிலா வளரும்போதுதான் பொங்கும்" என்றார் ஃபியொரென்ஸோ. வானத்தைப் பார்த்தார்கள். பட்டப்பகல்.

யாருமே கந்தக வாடையைப் பற்றிப் பேசவில்லை! மூன்று மூக்கு அந்தத் தொட்டிக்குள் குனிந்தது, மூன்றுக்கும் அரித்தது. லொரெடானா தும்மலை அடக்கினாள். ஃபியொரென்ஸோ கைக்குட்டையை எடுத்தார். எர்மீனியோ "இந்த ஒலிவ் மரத்துப் பூ ஒத்துக்கவே மாட்டேங்குது" என்று மூக்கைத் தேய்த்தான். ஏப்ரலில் எந்த ஒலிவ் பூக்கிறது?

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். வைன் சாமான் விற்கும் கடையில் பிரான்வின் என்று ஒரு பெண் இருக்கிறாள். கதையில் மருத்துவர் மாதிரி ஒருவர் தொலைபேசியில் வந்து எல்லாவற்றையும் தீர்ப்பது மட்டமான உத்தி என்று எனக்கும் தெரியும். என்ன செய்ய, உண்மையாகவே அவளைத்தான் கூப்பிட்டார்கள். செவ்வாய் மாலை ஐந்து மணி, லொரெடானாவின் சமையலறை, போன் மேசை நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி.

"கந்தகம் கூடிப்போன மாதிரி இருக்கே" என்றாள் பிரான்வின். "எவ்வளவு போட்டீங்க?"

"நாங்க எதுவும் போடறதில்லையே" என்றாள் லொரெடானா.

"எதுவுமேவா?"

"கதவுல எழுதியே வச்சிருக்கோம்."

"சரிங்க. கதவுல எழுதியிருக்கலாம்" என்றாள் பிரான்வின், ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் இதே கேள்வி கேட்கிறவளின் பொறுமையோடு. "ஒருவேளை போட்டிருந்தா, அதை முறிக்க ஒரு திரவம் இருக்கு. ஆனா கணக்கு சரியா இருக்கணும். குறைஞ்சா கந்தகம் மிச்சம் நிக்கும், அப்புறம் போடற ஈஸ்ட்டும் செத்துடும். கூடினா வைன் பழுப்பாகி வீணாப் போயிடும். சோதனைக்கு அனுப்பினா பதில் வர அஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள மேல பூஞ்சை பிடிச்சுடும். எத்தனை கிராம்னு தெரிஞ்சா கூப்பிடுங்க. நான் அஞ்சரை வரைக்கும் இருப்பேன்."

போன் அணைந்தது. 

லொரெடானா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். ஒரு கோப்பை போட்டால் இப்படி ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர்தான் முதலில் கேட்பார். இருபத்தைந்து பேர் முன்னால் தலைகுனிந்த மனிதர்.

கடிகாரம் ஐந்து பத்து.

"கும்பாரே" என்றாள். "நான் ஒரு கோப்பை போட்டேன்."

ஃபியொரென்ஸோ நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷத்துது காடியாப் போச்சு. யார்கிட்டயும் சொல்லலை. பயந்துட்டேன். ஒரே ஒரு கோப்பை. உங்க பாட்டிலைச் செடிக்கு ஊத்தின அதே கையாலதான் போட்டேன். என்ன வேணா சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

இங்கேதான் அவள் அழவில்லை.

கிழவர் வாயைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மேசையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானும் ஒண்ணு போட்டேன்! ஞாயிறு விடியக்காலைல, நடக்கப் போறப்போ உள்ள புகுந்து போட்டேன்! இந்தப் பொம்பளை பிடிவாதக்காரி, சத்தியமாப் போட மாட்டா, ஆயிரம் லிட்டரும் காடியாகப் போகுதுன்னு!"

இருவரும் ஒரே சமயத்தில் எர்மீனியோவைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

"டேய்."

"சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல" என்றான். "கை கழுவப் போறேன்னு போனேன்ல. நீங்க ரெண்டு பேரும் கொள்கைக்காரங்க. யாராவது ஒருத்தன் குடும்பத்துக்காகப் பாவம் பண்ணணும்ல?"

"பாவி! எவ்வளவுடா?"

"ஒரு கோப்பை."

"மூணு!" என்று கத்தினாள் லொரெடானா. "மூணு கோப்பை! அது எப்படிப் பொங்கும்? கழுத்தை நெரிச்சுட்டு ஏன் பாட மாட்டேங்கறேன்னு கேட்டிருக்கோம்!" நாற்காலி பின்னால் விழ எழுந்து, போனை எடுத்து, பிரான்வினிடம் மூச்சு விடாமல் கணக்குச் சொன்னாள். அவள் கிராம் கணக்குப் போட்டு, எவ்வளவு திரவம் என்று சொல்ல, லொரெடானா அதைக் கையிலேயே எழுதிக்கொண்டாள்.

"அந்த ரோஸ்மேரிக்கு நான் மன்னிப்புக் கேக்கணும், கும்பாரே" என்றாள் பிறகு.

"செடிகிட்டக் கேளு. அப்புறம்தான் அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துச்சு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அஞ்சு வருஷமா வலிச்சுதுடி, கழுதை."

"தெரியும்" என்றாள் அவள்.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நல்ல இடம். மூன்று பேர், மூன்று கோப்பை, ஒரு மன்னிப்பு. தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

மணி ஒன்பதே முக்கால். எர்மீனியோ கடைக்குக் கிளம்பிவிட்டான், அவன் வண்டிச் சத்தம் கேட்டது.

இரண்டாம் பகுதியில் நான் எடுத்துவிட்ட ஆளை நினைவிருக்கிறதா? பெட்டி கழுவியவர். அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்க்கிறேன், உதவுமா என்று.

"எதிர்வீட்டுக்காரர் பத்து வருஷமாக அந்த ஷெட்டில் கழுவுகிற வேலை மட்டும் செய்துவந்தார். இந்த வருஷம்தான் அவருக்கு ஐம்பது லிட்டர் பங்கு கொடுத்தார்கள். சாவியும் கொடுத்தார்கள். ஞாயிறு காலை மூவரும் பூசைக்குப் போனபோது, 'ஒரு பார்வை பாத்துக்கப்பா' என்று லொரெடானா சொல்லிவிட்டுப் போனாள். அவர் போய்ப் பார்த்தார். தொட்டி சத்தமில்லாமல் கிடந்தது. இவர் புத்தகம் படித்தவர், வீடியோ பார்த்தவர். 'இவர்கள் மருந்தே போடாத ஆட்கள், இது காடியாகத்தான் போகிறது' என்று பயந்தார். அலமாரியில் டப்பா இருந்தது. பக்கத்தில் ஒரு காப்பிக் கோப்பை"

போதும். 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது.

நான்தான்.

7

நேற்று அந்தச் சமையலறை மேசையில் நான்காவது நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் பகுதியை லொரெடானாவின் மனசுக்குள் புகுந்து எழுதினேனே, எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். அவள் மனசுக்குள் ஒளிந்துகொண்டால் என்னை யாரும் பார்க்கமாட்டார்கள்.

சொல்லத்தான் இருந்தேன், சத்தியமாக. "மூணு" என்று அவள் கத்தியதும் வாயைத் திறந்தேன். அதற்குள் எர்மீனியோ என் பக்கம் திரும்பினான். "நீ ஒண்ணும் போடலையே?" என்றான். ஃபியொரென்ஸோ, "அவனா? சாவியைக் குடுத்தாலே கதவைத் தொடப் பயப்படற பிள்ளை. இந்தத் தெருவுலயே அவன் ஒருத்தன்தான் யோக்கியன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். பத்து வருஷம் கழுவிச் சம்பாதித்த சாவி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். காலையில் கதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தெளிவாகிவிடும் என்பது எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கு.

8

மணி பத்து நாற்பது. வண்டி திரும்பிவிட்டது. எர்மீனியோ ஒரு வெள்ளை கேனை இறக்குகிறான். லொரெடானா வாசலில் குதிக்காத குறை. "கொண்டா கொண்டா கொண்டா!" என்கிற சத்தம் இங்கே கேட்கிறது. எனக்குத் தெரிந்த முடிவுகள் இவை, விரைவாகச் சொல்கிறேன்.

ஒன்று. நான் ஜன்னலைத் திறக்கவே போவதில்லை. மூன்று கோப்பைக்கு அளந்து ஊற்றுகிறார்கள். நாலாவது உள்ளேயே நிற்கிறது. ஈஸ்ட் சாகலாம். அல்லது முரட்டு ஈஸ்ட்டாக இருந்து எப்படியோ பிழைத்துப் பொங்கிவிடலாம், அப்போது ஐம்பது லிட்டரும் என் வீட்டுக்கு வரும், ஒவ்வொரு மடக்கிலும் எனக்கு மட்டும் தும்மல் வரும். அதைச் சகித்துக்கொள்ளலாம் என்றுதான் காலை ஏழரைக்கு நினைத்தேன்.

இரண்டு. போய்ச் சொல்கிறேன். லொரெடானா என்னைப் பார்க்கிறாள். அதற்கு மேல் எழுத வரவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

மூன்று. இது முதல் முடிவின் மிச்சம், இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வைன் செத்துப்போகிறது. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். திரவத்தைச் சரியாகத்தான் அளந்தார்கள், கணக்கு சரி. அப்படியென்றால் யாரோ ஒருவர் பொய்க் கணக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஃபியொரென்ஸோ மெதுவாக லொரெடானாவைத் திரும்பிப் பார்க்கிறார். 'ஒரே ஒரு கோப்பைன்னு சொன்னியே?' அவர் கேட்கக்கூட மாட்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இந்தத் தடவை பேரப்பிள்ளை பிறந்தாலும் வரமாட்டார்.

அடப் பாவி, ஆயிரம் லிட்டரைப் பற்றியா இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்!

கேனின் மூடியைத் திருகுகிறார்கள். லொரெடானா அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஃபியொரென்ஸோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் தோளில் கை வைத்துக் குனிந்து, கோட்டைப் பார்த்துச் சரியென்று தலையாட்டுகிறார்.

வாசகரே, முடிவை எழுத எனக்கு நேரமில்லை. உங்களுக்கு எது பிடித்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அவள் திட்டுவாளோ, சாவியைப் பிடுங்குவாளோ, சிரிப்பாளோ, நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும். நான் பேனாவை வைத்துவிட்டேன் என்று எழுதிக்கொண்டிருப்பதே பொய்.

ஜன்னலைத் திறந்தாயிற்று.

"அக்கா! ஊத்தாதீங்க! லொரெடானாக்கா, மூணு இல்ல"